சுரத்தல் வேறு, இறங்குதல் வேறு

தாய்ப்பாலூட்டல் ஆலோசகராகப் பயிற்சி பெற்றுவரும் வாசகர் ஒருவர், தம் பயன்பாட்டுக்கென்று கலைச்சொல் பட்டியல் ஒன்றைத் தொகுத்தபோது எழுந்த ஐயத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். ‘பால் சுரத்தல்’, ‘பால் இறங்குதல்’ என்னும் இரண்டும் ஒரே பொருளில் மாறி மாறி எழுதப்படுகின்றன. ஒன்றை நீக்கிவிட்டால் பட்டியல் எளிதாகிவிடும் அல்லவா என்பது அவர் கேள்வி. நீக்க வேண்டாம் என்பதே என் பதில். அவை உடலில் நிகழும் இரு வேறு செயல்களின் பெயர்கள். அவற்றுக்கான ஹார்மோன்களும் வேறு, அவற்றைத் தூண்டுபவையும் வேறு, தடைபட்டால் செய்ய வேண்டியதும் வேறு.

சுரத்தலைப் பள்ளிப் பாடத்தில் பெரும்பாலோர் படித்திருப்பார்கள். கருவுற்ற காலத்தின் நடுப்பகுதியிலேயே மார்பகம் சீம்பாலைச் சிறிதளவு உண்டாக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், அதற்கு மேல் போகவிடாமல் தடுத்து வைத்திருக்கிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தத் தடை விலக, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்கதுப்பிலிருந்து வரும் புரோலாக்டின் என்னும் ஹார்மோனின் ஆணைப்படி, இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் பால் பெருகுகிறது. அதுவரை கிடைக்கும் சீம்பால் அளவில் சில தேக்கரண்டிகள்தாம் என்றாலும், நோய் எதிர்ப்பொருள் செறிந்த அது அந்த நாள்களில் குழந்தைக்கு வேண்டிய உணவேயன்றிப் பற்றாக்குறையின் அறிகுறி அன்று.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியான இறங்குதலுக்கு வருகிறேன். சுரந்த பால் காம்புக்கு அருகில் வந்து காத்திருப்பதில்லை. அது மார்பகத்தின் உட்புறத்தில், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணறைகளுக்குள் தங்கியிருக்கிறது. அங்கிருந்து புறப்படும் குழாய்களில் இருப்பது மிகச் சிறு அளவே. குழந்தையின் வாய் உண்டாக்கும் வெற்றிடம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் குழாயில் இருக்கும் அந்தச் சிறிதளவைத்தான் இழுக்க முடியும். நுண்ணறைக்குள் இருப்பதை அது எட்டாது. உள்ளிருந்து யாரேனும் பிழிந்து தள்ள வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு நுண்ணறையையும் சுற்றி, பின்னிய கூடையைப் போலக் கிளை விரித்துப் படர்ந்த செல்கள் இருக்கின்றன. அவை தசையைப் போலச் சுருங்கக் கூடியவை. அவற்றைச் சுருங்கச் செய்வது ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன், ஒன்பதே அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறிய மூலக்கூறு. வின்சென்ட் டு விக்னோ அதனை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கினார். 1955ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசும் பெற்றார்.

குழந்தை மார்பைப் பற்றி உறிஞ்சும்போது காம்பிலுள்ள நரம்புகள் வழியாகச் செய்தி தண்டுவடத்தில் ஏறி, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸை அடைகிறது. அங்குள்ள நரம்புச் செல்கள், பிட்யூட்டரியின் பின்கதுப்பு வரை நீண்டிருக்கும் தம் முனைகளிலிருந்து ஆக்ஸிடோசினை இரத்தத்தில் விடுகின்றன. போகும் வழி நரம்பு, திரும்பும் வழி இரத்தம். இதில் வியப்பூட்டுவது அதன் தாளம். 1970களில் எலிகளிடம் நடந்த ஆய்வுகளில், குட்டிகள் இடைவிடாது உறிஞ்சிக்கொண்டேயிருந்தபோதும் தாயின் ஆக்ஸிடோசின் செல்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. பின்னர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, யாரோ கையசைத்ததுபோல அத்தனையும் ஒரே நேரத்தில் வெடித்துத் துடித்தன. ஏறத்தாழ 10 முதல் 15 நொடிகளில் பால் இறங்கியது. பெண்களிடமும் ஆக்ஸிடோசின் சொட்டுச் சொட்டாகக் கசிவதில்லை, துடிப்புத் துடிப்பாகவே வருகிறது. ஒரே முறை பாலூட்டும்போது பல தடவை பால் இறங்கலாம் என்பதையும், அப்போது குழாய்கள் விரிந்து, குழந்தை குடிக்காத பால் மீண்டும் உள்ளே திரும்பிவிடுவதையும் மீயொலிப் படங்களில் பார்க்க முடிகிறது.

திரும்பும் வழி இரத்தம்தான் என்பதை 1941இல் ஈலி, பீட்டர்சன் ஆகிய இருவரும் பசுக்களைக் கொண்டு காட்டினர். மடியின் ஒரு பாதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்த பிறகும் அந்தப் பாதியிலும் பால் இறங்கியது. அடுத்து, பசுவின் முதுகில் பூனையை ஏற்றிவிட்டும், காற்றடைத்த காகிதப் பைகளை அருகில் வெடித்தும் மிரட்டினர், பால் இறங்கவில்லை. மாடு ‘பாலை அடக்கிக்கொண்டது’ என்று கறப்பவர்கள் சொல்வதன் உட்பொருள் இதுதான்: மடியில் பால் இருக்கிறது, வெளியேற வழியில்லை. அச்சத்தில் பெருகும் அட்ரினலின் இந்த அனிச்சைச் செயலைத் தடுத்துவிடுகிறது.

1948இல் நியூட்டன் தம்பதியர் வெளியிட்ட சோதனையில், ஆய்வாளரும் ஆய்வுக்கு உள்ளான தாயும் ஒருவரே. தொந்தரவின்றிப் பாலூட்டியபோது குழந்தைக்குச் சராசரியாக 168 கிராம் பால் கிடைத்தது. தாயின் கால்களைப் பனிநீரில் அமிழ்த்தியும், கால்விரலை வலிக்க இழுத்தும், கணக்குக் கேட்டும் அலைக்கழித்தபோது அது 99 கிராமாகக் குறைந்தது. அதே தொந்தரவுகளுக்கிடையே ஆக்ஸிடோசின் ஊசி போட்டதும் 153 கிராமாக ஏறியது. ஊசி பாலை உண்டாக்கவில்லை. முன்பே சுரந்து உள்ளே இருந்ததை இறக்கியது, அவ்வளவுதான்.

1983இல் மெக்நீலியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட அளவீடுகள் இந்த வேறுபாட்டை இன்னும் துல்லியமாகக் காட்டின. குழந்தை அழும் ஒலி கேட்டதும், மார்பைத் தொடுவதற்கு முன்பே பல தாய்மாரின் இரத்தத்தில் ஆக்ஸிடோசின் உயர்ந்தது. புரோலாக்டினோ உறிஞ்சத் தொடங்கிய பிறகே உயர்ந்தது. செவியால் தூண்டப்படுவது இறங்குதல். சுரத்தலுக்குத் தொடுகையே வேண்டும்.

ஆகவே, ‘பயந்தால் பால் வற்றிவிடும்’ என்னும் நம்பிக்கை பாதி உண்மை, அதனாலேயே முழுப் பொய்யைவிட ஆபத்தானது. அதைக் கேட்டு மேலும் பயப்படும் தாய்க்குப் பால் இறங்குவது மேலும் தாமதப்படுகிறது. அந்த நேரத்தில் புட்டிப்பால் கொடுத்துவிட்டால், மார்பில் தேங்கிய பாலே அந்த மார்பின் சுரப்பைக் குறைக்கத் தொடங்கும். இந்தக் கட்டுப்பாடு ஒவ்வொரு மார்பகத்திலும் தனித்தனியாக நடப்பதால், ஒரு பக்கம் மட்டும் பாலூட்டினால் மறுபக்கத்தில் மட்டும் சுரப்பு குறையும். இறங்காத பால் இப்படித்தான் சில நாள்களில் உண்மையாகவே சுரக்காத பாலாகிறது. ‘பால் இல்லை’ என்று ஆலோசகர் குறிப்பேட்டில் எழுதும் முன், எது இல்லை என்று கேட்டாக வேண்டும்.

இங்கே ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் சிறு பைகள் இருப்பதாகப் பாடநூல்கள் வரைந்துகொண்டிருந்தன. அந்தப் படத்தின் மூலம், ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்த பெண்களின் உடல்களில் உருகிய மெழுகைச் செலுத்திக் கண்டு 1840இல் வெளியிட்ட வடிவங்கள். பாலூட்டும் பெண்களை மீயொலியால் ஆராய்ந்து, அப்படிப்பட்ட பைகள் இல்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆண்டு 2005. பசுவின் மடிக்கு அள்ளிக் கொடுத்த ஆய்வுலகம் மனிதத் தாயின் மார்பகத்தைக் கவனிக்க 165 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதற்கு, ஆய்வு நிதி எங்கே போகிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பட்டியலில் உள்ள வேறு சில சொற்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ‘முன்பால்’, ‘பின்பால்’ என்று எழுதும்போது இரு வகைப் பால் இருப்பதாகத் தோன்றுகிறது; உண்மையில் கொழுப்புத் துளிகள் நுண்ணறைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருந்து, மார்பு வெறுமையாக ஆகப் படிப்படியாகக் கழன்று வருகின்றன. ‘தாய்ப்பால் மஞ்சள் காமாலை’ என்னும் சொல்லோ இரண்டு நிலைகளை மூடிவைக்கிறது. முதல் வாரத்தில், பால் போதாமல் மலம் குறைந்து, குடலிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் மீண்டும் இரத்தத்தில் சேர்வதால் வருவது ஒன்று. அதற்குத் தீர்வு மேலும் பாலூட்டுவது. முதல் வாரத்துக்குப் பின், நன்றாகக் குடித்து எடை கூடும் குழந்தைக்கு நீடிப்பது மற்றொன்று. முன்னதற்குப் ‘பால் போதாமைக் காமாலை’ என்று தனிச் சொல் வைத்துக்கொள்வது நல்லது.

இறங்குதலுக்கு நேரே ஓர் அறிகுறியையும் வாசகர் எழுதிக்கொள்ளலாம். மார்பில் சுருக்கென்ற உணர்வு எல்லாத் தாய்மாருக்கும் வருவதில்லை. எனவே குழந்தையின் வாயைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வேகமாகவும் மேலோட்டமாகவும் உறிஞ்சும் குழந்தை, பால் இறங்கியதும் தாடையை ஆழமாக அசைத்து மெதுவாக இழுக்கிறது. ஓரிரு இழுப்புக்கு ஒருமுறை விழுங்கும் ஒலி கேட்கிறது.