அலுவலகத்துக்காக உருவான மடிக்கணினி வீட்டுக்கு ஏற்றதா?

ஒரு மடிக்கணினிக்கு விலை கொடுப்பவரும் அதில் நாள்தோறும் வேலை செய்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால் அதன் வடிவமைப்பு எப்படியெல்லாம் மாறும்? வணிகப் பயன்பாட்டுக்கென்று தயாராகும் லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், ஹெச்பியின் எலைட்புக் ஆகியவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இவற்றை வாங்குவது பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு. அது நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரியான கருவிகளை வாங்கி, சில ஆண்டுகள் பராமரித்து, பிறகு மொத்தமாகக் கழித்துவிடுகிறது. கருவி பழுதானால் ஊழியரின் வேலை நின்றுவிடும் என்பதால், உறுதியான உடலும், விரைவாகப் பிரித்துச் சரிசெய்யும் வசதியும், உதிரிபாகங்கள் தட்டுப்பாடின்றிக் கிடைப்பதும் அதற்கு முக்கியம். பாட்டு இனிமையாகக் கேட்கிறதா, படத்தில் நிறம் சரியாகத் தெரிகிறதா என்பதெல்லாம் அந்தப் பிரிவின் கவலை இல்லை. கடிதம் எழுதவும், வரவு செலவுக் கணக்குப் பார்க்கவும், இணையத்தில் படிக்கவும் ஒரு கருவி தேடுகிற குடும்பம், அந்த நிறுவனத்தின் விருப்பங்களில் எவை தமக்கும் நன்மை, எவை வீண்செலவு, எவை இழப்பு என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை: வணிக ரகம் என்பது ஒரே தரம் அன்று. 1992 அக்டோபரில் ஐ.பி.எம். நிறுவனம் திங்க்பேட் 700சி என்ற கருவியை வெளியிட்டது. 2005இல் அந்தப் பிரிவு முழுவதும் லெனோவோவின் கைக்கு வந்தது. இன்று அந்தப் பெயரின் கீழ் சிறு நிறுவனங்களுக்கான மலிவான ஈ வரிசையும், அதற்கு மேல் எல் வரிசையும், அதற்கும் மேல் டி, எக்ஸ் வரிசைகளும் உள்ளன. லாட்டிட்யூட்டில் 3000, 5000, 7000 என்ற எண்களும், ஹெச்பியில் புரோபுக், எலைட்புக் என்ற பெயர்களும் இதே படிநிலையைக் குறிக்கின்றன. டெல் 2025இல் லாட்டிட்யூட் என்ற பெயரையே கைவிட்டு டெல் புரோ என்று மாற்றிக்கொண்டது. கீழ்ப்படியில் இருப்பவை பெயரளவில்தான் வணிக ரகம்; கீழே விவரிக்கப்படும் சிறப்புகளில் பல அவற்றில் குறைவாகவே இருக்கும்.

உடலின் உறுதியைப் பற்றிப் பேசும் விளம்பரங்கள் எல்லாம் அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறையான மில்-எஸ்.டி.டி-810 என்பதைக் குறிப்பிடுகின்றன. அதன் 810எச் பதிப்பு 2019இல் வெளிவந்தது. வீழ்ச்சி, அதிர்வு, ஈரப்பதம், தூசி, வெப்பம், உயரம் எனப் பல சோதனைகளைச் செய்யும் முறையை அது வகுத்துத் தருகிறது. ஆனால் அவற்றில் எவற்றைச் செய்வது, எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்கிறார். கடைக்கு வரும் மடிக்கணினிக்கு ராணுவம் சான்றிதழ் எதுவும் வழங்குவதில்லை. எனவே அந்த எண்ணைவிட, சட்டகம் எதனால் ஆனது என்பதே பயனுள்ள கேள்வி. மேல்படி மாதிரிகளில் மக்னீசியக் கலவையும் கார்பன் இழையும் பயன்படுகின்றன. மக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம். ஒரே எடைக்குள் தடிமனான சட்டகம் அமைக்க முடிகிறது. தடிமன் கூடும்போது வளையாத தன்மை பன்மடங்கு கூடுகிறது. கருவியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் உடல் முறுகக் கூடாது. முறுகினால் உள்ளே இருக்கும் மதர்போர்டும் சேர்ந்து வளைகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி வளைந்து நிமிரும்போது சில்லுகளைப் பிடித்திருக்கும் சால்டர் புள்ளிகளில் விரிசல் விழ வாய்ப்புண்டு.

விசைப்பலகையில் இந்தக் கருவிகள் கொடுக்கும் காசுக்கு நியாயம் செய்கின்றன. ஒவ்வொரு விசைக்கும் கீழே ரப்பர் குமிழ் ஒன்றும், விசை சாயாமல் நேராக இறங்க உதவும் கத்தரி வடிவப் பிளாஸ்டிக் இணைப்பும் உள்ளன. பழைய திங்க்பேடுகளில் விசை இறங்கும் ஆழம் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர்; அண்மைய மாதிரிகளில் 1.5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டது. இந்தச் சிறு குறைவை நீண்ட நேரம் தட்டச்சு செய்பவரின் விரல்நுனி உடனே உணரும். பல மாதிரிகளில் விசைப்பலகைக்கு அடியில் ஒரு தட்டும், அதில் சிந்திய நீரை அடிப்புறத் துளை வழியாக வெளியேற்றும் வாய்க்காலும் உண்டு. கருவியைக் கவிழ்த்து அந்தத் துளைகளைப் பார்க்கலாம். சர்க்கரை சேர்ந்த தேநீர் கொட்டினால் மதர்போர்டு தப்பினாலும் விசைகள் ஒட்டிக்கொள்ளும். அப்போது விசைப்பலகையை மட்டும் கழற்றி மாற்ற முடிவதே பெரிய ஆறுதல். வீட்டு ரகங்கள் பலவற்றில் அது மேல்மூடியோடு பிளாஸ்டிக் ஆணிகளால் உருக்கி இணைக்கப்பட்டிருப்பதால், மேல்மூடி முழுவதையும் வாங்க வேண்டிவரும்.

திரையில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. வணிக மடிக்கணினியின் அடிப்படைத் திரை பெரும்பாலும் 250 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) ஒளியும், என்.டி.எஸ்.சி. என்ற பழைய தொலைக்காட்சித் தர அளவையில் 45 சதவீத நிறப்பரப்பும் (காட்டக்கூடிய நிறங்களின் வீச்சு) கொண்டது. இணையப் படங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிறப்பரப்பைக் கருதியே தயாராகின்றன, அது என்.டி.எஸ்.சி. பரப்பில் ஏறத்தாழ 72 சதவீதம். ஆகவே 45 சதவீதத் திரை, காட்ட வேண்டிய நிறங்களில் சுமார் 63 சதவீதத்தை மட்டுமே காட்டும். குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். இதற்குக் காரணம் நிறவடிகட்டி. திரவப் படிகத் திரையின் பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளி, சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. அழுத்தமான நிறம் வேண்டுமென்றால் வடிகட்டி குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்க வேண்டும். அப்போது ஒளி வீணாகிறது, பின்னொளிக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது, விலையும் ஏறுகிறது. வெளிறிய வடிகட்டி மலிவு, சிக்கனம். விரிதாளும் மின்னஞ்சலும் பார்க்கிற ஊழியருக்கு இது போதும் என்று நிறுவனம் முடிவு செய்துவிடுகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், ஒரே மாதிரிக்கு இரண்டு மூன்று திரைகள் தெரிவாகக் கிடைக்கின்றன. 2018இல் வந்த திங்க்பேட் டி480 கருவியே 1366 × 768 புள்ளிகள் கொண்ட பழைய டி.என். வகைத் திரையோடும் (பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறித் தெரிவது), முழு எச்.டி. ஐ.பி.எஸ். திரையோடும் (எந்தக் கோணத்திலும் நிறம் பெரிதாக மாறாதது), அதைவிடக் கூர்மையான திரையோடும் விற்பனையானது. பெயரும் உடலும் ஒன்று. கண் காணும் அனுபவம் முற்றிலும் வேறு. ஆதலால் மாதிரியின் பெயரைக் கேட்டு நிறுத்தாமல், திரையின் ஒளியளவும் நிறப்பரப்பும் என்ன என்று கேட்பது அவசியம். 300 நிட்டுக்கு மேலும் எஸ்.ஆர்.ஜி.பி. முழுமைக்கு அருகிலும் இருந்தால் வீட்டுக்கு நன்று. ஹெச்பியின் ஷ்யூர் வியூ போன்ற மறைப்புத் திரையை வீட்டுக்கு வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்காதிருக்க உருவான அது, இருவர் சேர்ந்து ஒரு படம் பார்ப்பதற்கும் இடையூறாகவே இருக்கும். மங்கலான, பளபளப்பற்ற மேற்பரப்பு மட்டும் எல்லோருக்கும் வரம்: அதன் நுண்ணிய சொரசொரப்பு ஜன்னல் வெளிச்சத்தைச் சிதறடித்துவிடுவதால், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் திரை நம்மையே காட்டுவதில்லை.

அடுத்தது பேட்டரி. லித்தியம்-அயனி பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதுமை அடையும். அதன் கிராஃபைட் மின்முனையின் மீது முதல் மின்னேற்றத்திலேயே ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அந்தப் படலம் தேவைதான்; மின்பகுதிரவம் மேலும் சிதையாமல் காப்பது அதுவே. ஆனால் அது மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும்போதெல்லாம் மின்னூட்டத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதியைத் தன்னுள் சிறைப்பிடிக்கிறது. வெப்பமும் உயர் மின்னழுத்தமும் இந்தச் சிதைவை விரைவுபடுத்துகின்றன. சித்திரை வெயிலில் விசிறி மட்டுமுள்ள அறையில், நாள் முழுவதும் சார்ஜரில் செருகி 100 சதவீதத்திலேயே வைத்திருந்தால் இரண்டும் ஒருசேர நேர்கின்றன. வணிக மடிக்கணினிகளில் மின்னேற்றத்தை 80 சதவீதம் போன்ற வரம்பில் நிறுத்திவைக்கும் அமைப்பு நெடுங்காலமாகவே உண்டு. மேசையிலேயே கருவியை வைத்திருப்பவர் வாங்கிய அன்றே அதை இயக்கிவிட வேண்டும். பழைய கருவி வாங்குவோர் விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும்: வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு. முதலாவது 50 வாட்-மணி, இரண்டாவது 35 என்றால், சராசரியாக 7 வாட் செலவாகும் இலேசான வேலைக்கு ஏழு மணி நேரம் வர வேண்டிய இடத்தில் ஐந்து மணி நேரம்தான் வரும்.

பேட்டரி தளர்ந்தால் மாற்றலாமா என்பதற்கு விடை அடிமூடியில் இருக்கிறது. டி480ஐ எடுத்துக்கொள்வோம். பின்புறம் ஒரு பேட்டரி வெளியிலிருந்தே கழலும். உள்ளே இன்னொன்று இருப்பதால், வெளிப் பேட்டரியை மாற்றும்போதுகூடக் கருவி அணையாது. அடிமூடியைத் திறக்கும் முன் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புக்குள் சென்று உள்பேட்டரியைத் துண்டிக்க ஒரு தெரிவு உண்டு. மூடியின் திருகுகள் தளர்ந்தாலும் கீழே விழாமல் மூடியிலேயே தங்கிக்கொள்ளும். திறந்ததும் இரண்டு ராம் (தற்காலிக நினைவகம்) செருகுமிடங்களும், விசிறியும், சேமிப்பகமும் கண்ணெதிரே தெரியும். பிரிக்கும் முறையைப் படிப்படியாக விளக்கும் பராமரிப்புக் கையேட்டைத் தயாரிப்பாளரே இணையத்தில் வெளியிட்டிருக்கிறார். பின்வந்த மாதிரிகள் மெலிந்தபோது ராமின் ஒரு பகுதியோ முழுவதுமோ மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. இதில் இலாபநோக்கு மட்டும் இருப்பதாகச் சொல்ல முடியாது: குறைந்த மின்னழுத்தத்தில் மிகு வேகத்தில் இயங்கும் எல்.பி.டி.டி.ஆர். நினைவகத்துக்குச் செயலியிலிருந்து வரும் தடங்கள் குறுகியதாக இருக்க வேண்டும். செருகுமிடம் வைத்தால் தடம் நீண்டு சமிக்ஞை கெடும். விளைவு என்னவோ ஒன்றுதான். அத்தகைய கருவியில் வாங்கும்போது உள்ள ராமே கடைசிவரை. எனவே 16 ஜிகாபைட்டுக்குக் குறைவாக வாங்கக் கூடாது. 2024இல் வந்த டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு செருகுமிடங்களும் திரும்பி வந்திருப்பது மகிழ்ச்சியான மாற்றம்.

செயலியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இன்டெல்லின் பெயர்களில் யூ என்ற எழுத்து, தொடர்ந்து 15 வாட் அளவில் இயங்குவதற்கென்று வகுக்கப்பட்ட செயலியைக் குறித்து வந்திருக்கிறது. அது சில நொடிகளுக்கு அந்த அளவைப்போல் இருமடங்கு வாட்டைத் தாண்டி ஓடி, வெப்பம் ஏறியதும் தணிந்துவிடும். இணையப் பக்கம் திறப்பதும் ஆவணம் சேமிப்பதும் அந்தச் சில நொடிகளுக்குள் முடிகிற வேலைகள். விளையாட்டும் காணொளித் தொகுப்பும் அப்படி அல்ல. அவற்றுக்கு இந்த ரகம் பொருந்தாது. வீ-புரோ (vPro) என்ற முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் காரணமில்லை. 2006இல் இன்டெல் கொண்டுவந்த அது, கருவி அணைந்திருந்தாலும் தொலைவிலிருந்து நிர்வகிக்க நிறுவனங்களுக்கு வழி தருகிறது. அந்தத் தொலைநிர்வாகப் பகுதியில் கடவுச்சொல்லைத் தாண்டிச் செல்லவிடும் ஓட்டை இருந்ததை 2017 மே மாதத்தில் இன்டெல்லே அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. வாங்கிய கருவியில் அது இருந்தால் பயாஸில் அணைத்துவிடலாம்.

நிறுவனங்கள் கழித்த கருவிகள் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கருவி எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும், லினக்ஸ் நிறுவிக்கொள்ளும் எண்ணம் இல்லையென்றால் விட்டுவிடுவதே மேல். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இரண்டு சோதனைகளைச் செய்துபார்க்க வேண்டும். பயாஸுக்குள் நுழையும்போது மேற்பார்வையாளர் கடவுச்சொல் கேட்டால் வாங்கக் கூடாது. திங்க்பேடில் அதற்கு லெனோவோ சொல்லும் ஒரே தீர்வு மதர்போர்டை மாற்றுவது. அடுத்து, விண்டோஸை முழுமையாக மீளமைத்து, இணையத்தில் இணைத்து, தொடக்க அமைப்பை இறுதிவரை ஓடவிட வேண்டும். அப்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் தோன்றி அலுவலக மின்னஞ்சலைக் கேட்டால், அந்தக் கருவி நிறுவனங்கள் தம் கருவிகளைப் பதிந்துவைக்கும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் பதிவேட்டில் இன்னும் பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது. சேமிப்பகத்தை எத்தனை முறை அழித்தாலும் அந்தப் பதிவு போகாது, அதை நீக்க அந்த நிறுவனத்தால்தான் முடியும். எஞ்சியுள்ள உத்தரவாதக் காலத்தைக் கருவியின் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் அங்கேயே நின்று பார்த்துவிடலாம்.