கலோரி: ஒரே பெயரில் இரண்டு அளவு

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் ‘100 கிராமுக்கு 450 கிலோகலோரி’ என்று போட்டிருக்கும். தின்பவரோ ‘450 கலோரி’ என்பார். கணக்குப்படி இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம், பேச்சில் இரண்டும் ஒன்று.

லத்தீனில் ‘கலோர்’ என்றால் வெப்பம். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே, வெப்பத்தை எடையில்லாத ஒரு பாய்மம் என்று கருதி அதற்குக் ‘கலோரிக்’ என்று பெயர் வைத்தார். அந்தக் கொள்கை பிறகு செத்துப்போனது, வேர்ச்சொல் பிழைத்துக்கொண்டது. 1820களின் தொடக்கத்தில் பாரிஸில் நிக்கோலா கிளமோன் தம் வகுப்புகளில் ‘கலோரி’யை ஓர் அலகாகச் சொல்லிக்கொடுத்தார்: ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவையான வெப்பம். அப்புறம் வந்தவர்கள் கிலோவை எடுத்துவிட்டு கிராமை வைத்தார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. வம்பு அங்கேதான் தொடங்கியது.

ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதி பெரிய கலோரியை, அதாவது கிலோகலோரியை, காட்டும் வழக்கம் உண்டு (அதையும் பலர் கவனிப்பதில்லை). தமிழ் எழுத்தில் அந்த வசதியே இல்லை. அதனால் உணவைப் பற்றி எழுதும்போது கிலோகலோரி என்று முழுதாக எழுதிவிடுவதே நல்லது.

கலோரியை ஜூலாக மாற்றும் கணக்கு எளிது. 1 கலோரி = 4.184 ஜூல்; 1 கிலோகலோரி = 4.184 கிலோஜூல். (4.1868 என்று கொள்ளும் இன்னொரு கலோரியும் உண்டு. சமையலறைக் கணக்குக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை.) கரண்ட் பில்லில் வரும் ஒரு ‘யூனிட்’, அதாவது கிலோவாட் மணி, 3,600 கிலோஜூல். கிட்டத்தட்ட 860 கிலோகலோரி. நாளுக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடுபவர் சுமார் 2.3 யூனிட் செலவழிக்கிறார். சராசரியாக 97 வாட், பழைய குண்டு பல்பு ஒன்று நாள் முழுக்க எரிந்த மாதிரி.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வெப்ப அலகு’ என்றால் பிரிட்டிஷ் வெப்ப அலகோடு மோதும். அது ஏறக்குறைய 252 கலோரி. ஜூல், வாட் போல இதையும் பெயராகவே விட்டு, கலோரி, கிலோகலோரி, கலோரிமானி (வெப்பத்தை அளக்கும் கருவி) என்று எழுதுவதே என் கட்சி.

கலோரியால் எதை அளக்கிறோமோ அதற்குத்தான் தமிழ்ச்சொல் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது ஆற்றல், இலங்கையில் சக்தி. வாட்டில் அளப்பது இங்கே திறன், அங்கே வலு. இலங்கை நூலில் ‘வலு’ என்று கண்டால், எவ்வளவு நேரத்துக்கு என்று தெரியாமல் அதைக் கலோரியாக மாற்ற முடியாது.