அந்த வரிசையில் அவன் இல்லாமலும் இருக்கலாம்

திருகோணமலை பிரட்ரிக் கோட்டைப் பக்கம் மான் பார்க்க அக்காவின் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நாலைந்து மான்கள் நின்றன. உடனே ஒன்றைக் காட்டி, "மாமா, நேற்று வாழைப்பழத்தோல் தின்றது இதுதான்" என்றாள். எப்படித் தெரியும் என்றால், மற்றதெல்லாம் குட்டியாம், இதற்குத்தான் கொம்பு இருக்கிறதாம். நேற்றைய மான் இன்றைக்குக் கோணேசர் கோயில் பக்கம் மேயப் போயிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சந்தேக நபரை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியிடம் ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பில் பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். மத்திய வீதியில் சங்கிலி அறுத்துக்கொண்டு ஓடியவனைப் பார்த்தவர், வரிசையில் நிற்பவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, உள்ளதுக்குள் அவன் சாயலில் இருப்பவரைக் காட்டிவிடுகிறார். உளவியலாளர் கேரி வெல்ஸ் 1993இல் வெளியிட்ட சோதனையில், குற்றவாளியை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு மீதிப்பேரை மட்டும் காட்டியபோதும், பெரும்பாலான சாட்சிகள் யாரோ ஒருவரைக் காட்டத்தான் செய்தார்கள்.

அதனால், "அந்த ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லவேண்டும். கூட நிறுத்தப்படுபவர்களும் சாட்சி சொன்ன அடையாளத்துக்குப் பொருந்தவேண்டும். மெலிந்த, தாடி வைத்த பொடியன் என்று அவர் சொல்லியிருக்க, வரிசையில் தாடிக்காரர் ஒரே ஒருவர் என்றால், சம்பவ இடத்துக்கே போகாத நான்கூடச் சரியாகக் காட்டிவிடுவேன். இங்கிலாந்தில் சந்தேக நபரோடு குறைந்தது 8 பேரை நிறுத்தவேண்டும் என்பது விதி. நம் நாட்டில் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி நீதவானே அணிவகுப்பை நடத்தலாம். ஆனால் அதற்கு முதலே சந்தேக நபரின் படம் பேஸ்புக்கில் சுற்றிவிட்டால், சாட்சி அடையாளம் காட்டுவது வீதியில் பார்த்த முகத்தையா போனில் பார்த்த முகத்தையா என்று அவருக்கே தெரியாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, நடத்துகிறவருக்கு சந்தேக நபர் யார் என்றே தெரிந்திருக்கக் கூடாது என்பது. தெரிந்தால், சாட்சி தயங்கும் நேரத்தில் "வடிவாப் பாருங்கோ" என்ற ஒரு சொல்லே போதும், அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவேண்டும் என்றுகூட இல்லை. அப்புறம் "சரி, அவன்தான்" என்றொரு பாராட்டு. வெல்ஸும் பிராட்ஃபீல்டும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தவறான ஆளைக் காட்டியவர்களிடம் இப்படிச் சொன்னதும், தொடக்கத்திலேயே உறுதியாக இருந்தோம், முகத்தையும் நன்றாகப் பார்த்தோம் என்றார்கள்.

அமெரிக்காவில், செய்யாத குற்றத்துக்குச் சிறைபோன ரொனால்ட் கொட்டனுக்கு நடந்ததும் இதுதான். 1984இல் பாதிக்கப்பட்ட பெண் முதலில் படத்திலும், பிறகு நேரிலும் அவரைக் காட்டினார். இரண்டிலும் வந்த ஒரே முகம் கொட்டனுடையது. படத்தில் காட்டியதும் இவரைத்தான் என்று பொலிஸும் சொல்லிவிட்டது. 1987இல் உண்மையான குற்றவாளியை நீதிமன்றத்தில் கண்முன் நிறுத்தியபோது, இவரை நான் பார்த்ததே இல்லை என்றார் அந்தப் பெண். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நினைவிலிருந்த முகம் அதற்குள் கொட்டனின் முகமாக மாறியிருந்தது. 1995இல் டிஎன்ஏ சோதனைதான் கொட்டனை வெளியே கொண்டுவந்தது.

ஆளைக் காட்டிய அந்த நிமிடத்திலேயே, வேறு யாரும் வாய் திறக்க முதல், எவ்வளவு உறுதி என்று கேட்டு சாட்சியின் சொந்த வார்த்தையிலேயே எழுதவேண்டும் என்பது இதனால்தான். "நெற்றியும் மூக்கும் அவன் மாதிரித்தான், ஆனால் நிச்சயமாச் சொல்லேலாது" என்றால், அந்த "சொல்லேலாது" உட்பட.