சினாரியோவுக்குக் காட்சி என்று பெயர் வைக்காதீர்கள்

“காட்சி 3: பாலம். சுற்றுகள்: 12. மூடுபனி காரணமாக இந்தக் காட்சியில் காட்சி 2 கட்டம்.” வரைபடத்தில் காய் நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்களின் விதிகளைத் தமிழில் தருகிறவர்கள், ஒரு சண்டையை ஆடத் தேவையான படை, இடம், சுற்று, வெற்றி விதி எல்லாம் அடங்கிய சினாரியோவுக்குக் ‘காட்சி’ என்று எழுதத் தொடங்கினால் வந்து நிற்கிற இடம் இதுதான். முதல் இரண்டு காட்சியும் சினாரியோ. மூன்றாவது, கண்ணுக்கு எட்டும் தூரம். ஆடிப் பழகியவர் சுதாரித்துக்கொள்வார். புதிதாக வருகிறவர், இரண்டே கட்டம் கொண்ட காட்சி எது என்று வரைபடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

சொல்லின் வரலாறு நீளமானதல்ல. கிரேக்கத்தில் ‘ஸ்கேனே’ என்றால் கூடாரம், நாடக மேடைக்குப் பின்னால் இருந்த கொட்டகை. அது லத்தீனில் ‘ஸ்கேனா’ என்று மேடையைக் குறித்தது. அதிலிருந்து இத்தாலியில் ‘ஷெனாரியோ’ பிறந்தது. இத்தாலிய நடிகர் குழுக்கள் எழுதிவைத்த வசனம் இல்லாமல் நாடகம் போட்டன. யார் எப்போது வருகிறார், என்ன சிக்கல், எங்கே முடிகிறது என்று மட்டும் சொல்லும் ஒரு தாள் இருந்தது. மீதியை மேடையில் நடிகர்களே நிரப்பினார்கள். அந்தத் தாளுக்குத்தான் ஷெனாரியோ என்று பெயர். பிறகு சினிமா இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் என்ற ராணுவ ஆய்வு நிறுவனத்தில் ஹெர்மன் கான் போன்றவர்கள் அணு ஆயுதப் போர் பற்றிய கற்பனை நிலைகளுக்கு இதைப் பயன்படுத்தவே, ராணுவப் பேச்சிலும் நிலைபெற்றது. கூடாரத்தில் கிளம்பிய சொல் ராணுவத்துக்கே வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

பெயர் வைப்பதற்கு முன், பொருள் என்ன என்று பார்த்துவிட வேண்டும். பட்டாலியன் அளவிலான ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு காய் ஒரு பிளாட்டூன், அதாவது சில பத்து வீரர்கள் கொண்ட சிறு அணி. ஒரு அறுகோணக் கட்டம் 200 மீட்டர். ஒரு சுற்று 10 நிமிடம். தாக்குகிறவரிடம் ஒரு காலாட்படை பட்டாலியன்: 3 கம்பெனி, கம்பெனிக்கு 3 பிளாட்டூன், ஆக 9 காய். கூடவே தூரத்திலிருந்து குண்டு வீசும் ஒரு மோர்ட்டார் பிளாட்டூன், துணைக்கு வந்த டாங்கிக் கம்பெனியின் 3 காய்கள். தடுக்கிறவரிடம் ஒரு கம்பெனியின் 3 பிளாட்டூன், ஒரு இயந்திரத் துப்பாக்கி பிளாட்டூன், டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்கு ஒரு காய், ஒரு மோர்ட்டார் காய். மோர்ட்டாரை இரு பக்கமும் விட்டுவிட்டால் 12-க்கு 5. இது 3-க்கு 1-ஐவிடக் குறைவாக இருப்பது வேண்டுமென்றேதான். தாக்குதலுக்கு 3-க்கு 1 வேண்டும் என்ற பழைய கணக்கு மோதும் இடத்துக்கு உரியது. முழுக் களத்துக்கும் அதையே கொடுத்தால், எங்கே படையைக் குவிப்பது என்று யோசிக்கும் வேலை ஆட்டக்காரருக்கு இல்லாமல் போய்விடும்.

இவ்வளவும் படைப்பட்டியல் மட்டுமே. சினாரியோ முழுமையாக வேண்டுமானால், வரைபடத்தில் எந்தப் பகுதி ஆட்டத்தில் சேரும், யார் எங்கே காய்களை வைக்கலாம், யார் முதலில் வைப்பது, துணைப்படை எந்தச் சுற்றில் எந்த ஓரம் வழியாக நுழையும், பீரங்கிக்கு எத்தனை முறை சுட குண்டு இருக்கிறது, எத்தனை சுற்றில் ஆட்டம் முடியும், வெற்றி எதை வைத்து என்று எல்லாம் எழுதியிருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஆட்டம் வேறாகிவிடும்.

சுற்றுக் கணக்கைச் சற்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். தாக்குதல் தொடங்கும் கோட்டிலிருந்து குறியிடத்துக்கு 2,400 மீட்டர், அதாவது 12 கட்டம். மணிக்கு 4 கி.மீ. நடக்கிற காலாட்படை 10 நிமிடத்தில் ஏறத்தாழ 660 மீட்டர் போகும். சுற்றுக்கு 3 கட்டம். எதிர்ப்பே இல்லாவிட்டால் 4 சுற்றில் போய்ச் சேரும். சுடப்பட்டு, படுத்து, எழுந்து போகிறபோது அது இரட்டிப்பாகும், 8. பிடித்த இடத்தைத் தக்கவைக்க 2 சுற்று, பிசகுக்கு 2. ஆக 12. இதை 7 ஆக வைத்தால் தாக்குகிறவர் உளவும் பார்க்காமல், புகையும் போடாமல் கண்மூடித்தனமாக ஓடுவார். 20 ஆக வைத்தால் மோர்ட்டார் குண்டு தீரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு புறப்படுவார். இரண்டும் அவருடைய குற்றம் அல்ல, எழுதியவருடைய குற்றம்.

இப்போது ‘காட்சி’க்கு வருவோம். இதற்குச் சொல்லப்படும் ஒரே நியாயம் ‘சீன்’ என்றால் காட்சி, சினாரியோ அதன் உறவு என்பதுதான். உறவு உண்மை. ஆனால் ஷெனாரியோ என்பது மேடையில் தெரிகிற காட்சி அல்ல, நாடகம் ஆடுவதற்குக் கையில் கொடுத்த குறிப்பு. வேரைப் பிடித்தவர்கள் தண்டை விட்டுவிட்டார்கள்.

அடுத்தது, காட்சி என்பது எப்போதும் ஒரு முழுமையின் துண்டு. முதல் அங்கம், மூன்றாம் காட்சி என்றால் அதற்கு முன் இரண்டு காட்சிகள் நடந்திருக்கின்றன, பின்னால் இன்னும் வரும். சினாரியோ அப்படியல்ல. பெட்டியில் 12 சினாரியோ இருந்தால் 12 தனி ஆட்டம். ஏழாவதை முதலில் ஆடலாம். ஒன்றன் முடிவு மற்றொன்றுக்குத் தொடக்கமாகிற தொடர் ஆட்டமும் இருக்கிறது. ஆனால் அது வேறு வகை, அதற்கு வேறு பெயர் வேண்டும். எல்லாவற்றையும் காட்சி என்றால் அதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

மூன்றாவது காரணம் இன்னும் வலுவானது. காட்சி என்றால் கண்ணுக்குத் தெரிவது. நல்ல சினாரியோ எதை மறைக்கிறது என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. தடுக்கிறவருடைய 6 காய்களும் திறந்து கிடந்தால், தாக்குகிறவர் முதல் சுற்றிலேயே டாங்கி எதிர்ப்புக் காய் எங்கே என்று பார்த்து டாங்கிகளை மறுபக்கம் கொண்டுபோய்விடுவார். அதனால்தான் 2 அல்லது 3 போலிக் காய் சேர்த்து, எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்கச் சொல்கிறோம். துணைப்படை 5-ஆம் சுற்றில் வரும் என்று அச்சிடாமல், 4-ஆம் சுற்றிலிருந்து பகடை உருட்டி 5 அல்லது 6 விழுந்தால் வரும் என்று எழுதுகிறோம். இரு பக்கத்துக்கும் வெவ்வேறு வெற்றி விதியை மடித்த தாளில் கொடுப்பவர்களும் உண்டு. மறைப்பதற்காக இத்தனை பாடுபட்டுவிட்டு அதற்குக் காட்சி என்று பெயரா?

நான்காவது, பார்வை விதிகள். பட்டாலியன் அளவு ஆட்டத்தில் பாதிச் சண்டை மேடும் காடும் யாரை மறைக்கின்றன என்பதைப் பற்றியதுதான். விதிநூலில் அந்தப் பகுதி முழுக்கக் காட்சிக்கோடு, காட்சித் தடை, காட்சி எல்லை என்றே இருக்கிறது. அதே சொல்லை சினாரியோவுக்கும் கொடுத்தால் மேலே பார்த்த மூடுபனி வரிதான் விளைவு. அவற்றைப் பார்வைக்கோடு, பார்வை எல்லை என்று மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். மாற்றலாம், மாற்றவும் வேண்டும். அதற்காகத் தவறான பெயர் சரியாகிவிடாது.

‘சூழ்நிலை’ என்பவர்கள் இதைவிடப் பொறுப்பானவர்கள். அவர்களுக்கு முன்னோடியும் உண்டு. 1970-ல் வந்த பான்சர்பிளிட்ஸ் ஆட்டத்தில் இதே பொருளுக்கு ‘சிச்சுவேஷன்’ என்றுதான் பெயர், 12 அட்டைகள். ஆனால் ராணுவத்தில் சிச்சுவேஷன் என்பது வரையறுத்த சொல். பல நாட்டு ராணுவங்களில் கட்டளைத் தாள் 5 பகுதிகளாக வரும்: நிலவரம், பணி, செயல்முறை, நிர்வாகமும் வழங்கலும், தலைமையும் தொடர்பும். சிச்சுவேஷன் அதில் முதல் பகுதி மட்டும். எதிரி எங்கே, நம்மவர் எங்கே, அவ்வளவுதான். இதற்குச் செய்தித்தாள்களே ‘கள நிலவரம்’ என்று நல்ல தமிழ் வைத்திருக்கின்றன. பிரஷ்யாவில் 1824-ல் ராணுவ அதிகாரி இளைய ரைஸ்விட்ஸ் 1:8000 வரைபடத்தில், சுற்றுக்கு 2 நிமிடம் என்று அமைத்த ஆட்டத்திலும், நடுவர் தருகிற நிலவரம் ஆட்டத்தின் ஒரு உறுப்புதான். பிரிட்டிஷ் பயிற்சி மரபிலும் இரு தரப்புக்கும் தெரிந்த பொது நிலவரம், ஒவ்வொரு தரப்புக்கும் தனியாகக் கொடுக்கும் தனி நிலவரம் என்று பிரித்தார்கள். ஆக, சினாரியோவுக்குள் நிலவரம் இருக்கிறது. நிலவரத்துக்குள் சுற்றுக் கணக்கும் வெற்றி விதியும் இருக்காது. உறுப்பின் பெயரை முழு உடம்புக்கு வைக்க முடியாது. போதாததற்கு, ‘சூழ்நிலை சரியில்லை’ என்று எதற்கும் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே நைந்துபோயிருக்கிறது.

தூய தமிழ் அன்பர்களுக்கு ஒரு கவர்ச்சியான வழி உண்டு: புறத்திணை. ஆநிரை கவர்தல் வெட்சி, கோட்டையை வளைத்தல் உழிஞை, நேருக்கு நேர் மோதல் தும்பை என்று போர் வகைகளை நம்மவர்கள் அன்றே பிரித்து, ஒவ்வொன்றையும் துறைகளாக வகுத்தார்கள். துறை என்பது பாடுபொருளின் நிலை என்பதால் சினாரியோவுக்கு வியக்கும்படி பொருந்துகிறது. ஆனால் ‘போர்த்துறை 4’ என்று எழுதினால் இன்று யாரும் அரசு அலுவலகம் என்றுதான் நினைப்பார்கள். தமிழ் என்பதற்காகப் புரியாத சொல்லைப் பிடித்து வைப்பது, காட்சி என்று எழுதுகிறவர் செய்கிற அதே பிழைதான், வேறு வாசல் வழியாக. திணைப் பெயர்களை வகைப்படுத்த வைத்துக்கொள்ளலாம். ஊடுருவல், முற்றுகை, நேர்மோதல் என்று தலைப்பிடும் இடத்தில் வெட்சி, உழிஞை, தும்பை என்றால் அழகாகவே இருக்கும்.

என் தேர்வு ‘களவரைவு’. களம், வரைவு. வரைவு மசோதா, வரைவு அறிக்கை என்று எல்லாருக்கும் தெரிந்த சொல். இன்னும் நிரப்ப வேண்டியது இருக்கிறது என்ற பொருள் அதில் உண்டு. இத்தாலிய நடிகர்கள் வசனத்தை நிரப்பியதுபோல இங்கே ஆட்டக்காரர்கள் சண்டையை நிரப்புகிறார்கள். வரை என்பதற்கு எல்லை என்ற பொருளும் இருக்கிறது. களவரைவின் வேலையில் பாதி எல்லை போடுவதுதான். சுற்றுக்கு எல்லை, குண்டுக்கு எல்லை, இடத்துக்கு எல்லை. கடைசியாகச் சொன்னதை மறந்தால் என்ன ஆகும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்: தாக்குகிறவர் வரைபடத்தின் ஓரத்தை ஒட்டியே போவார், ஏனெனில் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் சுடப்போவதில்லை. உண்மைக் களத்தில் அங்கே இன்னொரு பட்டாலியன் இருந்திருக்கும். ஓரத்திலிருந்து 4 கட்டம் உள்ளே பட்டாலியன் எல்லைக்கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று எழுதுவதே மருந்து.

அகத்திணை படித்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பார்கள். களவு, வரைவு இரண்டும் அவர்களுக்குக் காதலும் திருமணமும். சிரித்துவிட்டுப் போகட்டும், இடம் பொருளை விளக்கிவிடும். ‘வரைவு என்றால் முடிவாகாதது போலத் தோன்றுகிறதே’ என்ற மறுப்புக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். களவரைவு உண்மையிலேயே எளிதில் முடிவாவதில்லை. பக்கம் மாற்றி மாற்றிப் 10 ஆட்டம் ஆடிப் பார்த்து, ஒரே பக்கம் 7-க்கு மேல் வென்றால் திருத்த வேண்டும். அப்போதும் காய்களின் வலிமையில் கை வைக்காமல் சுற்றையும் வெற்றிப் புள்ளியையும்தான் மாற்ற வேண்டும். வலிமை வரலாற்றிலிருந்து வந்தது, மற்ற இரண்டும் எழுதியவருடையவை. கடைசிச் சுற்றில் குறியிடத்தின்மேல் எல்லாக் காயையும் கொண்டுபோய்க் கொட்டுகிற பழக்கத்துக்கும் இதே இடத்தில்தான் மருந்து: 12-ஆம் சுற்று முடிவிலிருந்து பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் ஆட்டம் முடியும், இல்லையேல் இன்னொரு சுற்று என்று எழுதிவிட்டால், நாளை என்று ஒன்று இருப்பதுபோல ஆடுவார்கள்.

இந்த ஒரு சொல்லோடு வம்பு தீருவதாக இல்லை. மொராலை ‘ஒழுக்கம்’ என்கிறார்கள்; அது மனவுறுதி. சப்ரெஷனை ‘அடக்குமுறை’ என்கிறார்கள். மோர்ட்டார் பிளாட்டூன் அடக்குமுறை செய்தது என்று படித்தால் ஏதோ அரசியல் தீர்மானம் போல இருக்கிறது. தலை தூக்கவிடாமல் செய்வது அது, ‘முடக்கம்’ போதும். யூனிட்டை ‘அலகு’ என்று அளவைப் பாடத்திலிருந்து எடுக்கிறார்கள். ‘அணி’ கண்ணெதிரே இருக்கிறது. எந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் ஒட்டினால் கம்பெனி ‘நிறுவனம்’ ஆகும், டாங்கி ‘தொட்டி’ ஆகும்: மூன்று தொட்டிகள் நிறுவனத்துக்குத் துணையாக ஆற்றைக் கடக்கும். பட்டாலியனைப் ‘படைப்பிரிவு’ என்பது கேட்க நன்றாக இருந்தாலும் அதைவிடப் பெரிய ரெஜிமெண்ட், பிரிகேட், டிவிஷன் எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார்கள். 700 பேரா, 12,000 பேரா என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? பட்டாளம் என்ற நம் சொல்லே ஐரோப்பியர் பட்டாலியனிலிருந்து வந்ததுதான், ஆனால் இன்று அது முழு ராணுவம் என்றும் வெறும் கூட்டம் என்றும் விரிந்துவிட்டது. படைநிலைப் பெயர்களைப் பட்டாலியன், கம்பெனி, பிளாட்டூன் என்றே விடுவது நல்லது. ராணுவத்திலிருந்து வந்த தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பேச்சில் சினாரியோ என்றே சொல்லிக்கொள்ளலாம், அதில் பழுதில்லை. விதிநூலில் எழுதும்போது ‘களவரைவு 3: பாலம்’, எழுதியவர் ‘களவரைவாளர்’, அச்சிட்ட அட்டை ‘வரைவுத் தாள்’. களம் என்பதன் மகரம் கெட்டு வருவதால் நடுவில் ஒற்று வேண்டாம். ‘களவ்வரைவு’ என்றோ ‘களம்வரைவு’ என்றோ எழுத வேண்டியதில்லை. மூடுபனி வரியும் இனி இப்படி நிற்கலாம்: “இந்தக் களவரைவில் பார்வை எல்லை 2 கட்டம்.”