இன்சுலின் எதிர்ப்பா, இன்சுலின் மந்தமா?

பொங்கல் முடிந்த வாரம் சித்தி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். வந்ததும் வராததுமாக, "எனக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தியா இருக்காம்டா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கலைச் சூடுபண்ணப் போய்விட்டார். தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழிலும் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், பாராட்ட வேண்டியதுதான். அதில் இருந்த வரி: 'இன்சுலின் எதிர்ப்புத்திறன்: அதிகம்.' ஆங்கிலத்தில் 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்' என்கிறார்களே, உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாத அந்தக் கோளாறுக்கு வைத்த தமிழ்ப்பெயர் இது.

சித்தியைக் குறைசொல்ல முடியாது. 2020இல் வீடு வீடாகக் கபசுரக் குடிநீர் குடித்தபோது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த சொல் 'எதிர்ப்புத்திறன்'. அது கூடினால் நல்லது, குறைந்தால் ஆபத்து. அதே சொல்லை ஒரு கோளாறுக்குப் பெயராக வைத்து, பக்கத்தில் 'அதிகம்' என்றும் போட்டால் வேறென்ன நினைப்பார்? இதை நான் கேட்பது இது நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ. தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சியில், மாத்திரைத் துண்டறிக்கையில், கைப்பேசிச் செயலியில் என்று எங்கு பார்த்தாலும் இதுதான். அதனால்தான் இவ்வளவு நீளம் எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் கணையத்துக்குள் தீவு தீவாகக் கிடந்த செல்கூட்டங்களைக் கண்டார். நம் பாடநூல்கள் அவற்றை 'திட்டுகள்' என்கின்றன, அருமையான சொல். அங்கே சுரக்கும் பொருளுக்கு, அது யார் கையிலும் சிக்குவதற்கு முன்பே, 1909இல் ஜான் தெ மேயர் என்ற பெல்ஜியக்காரர் பெயர் வைத்துவிட்டார். 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 'ரெசிஸ்டன்ஸ்' என்பதும் லத்தீன்தான். நகராமல் நின்றுவிடுதல் என்பது வேர்ப்பொருள். இன்சுலினைத் தமிழாக்கியே தீருவேன் என்று 'கணையநீர்' என எழுதுவோரும் உண்டு. கணையநீர் என்பது குடலுக்குப் போய்ச் செரிமானத்துக்கு உதவும் வேறொரு சுரப்பு. இன்சுலினை இன்சுலினாகவே விட்டுவிடுங்கள், யாருக்கும் நட்டமில்லை.

சண்டை இரண்டாவது சொல்லில்தான். இந்தக் கோளாறில் என்ன நடக்கிறது? சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இன்சுலின் பால்காரர் மாதிரி தசையின் வாசலிலும் கொழுப்பின் வாசலிலும் நின்று "வந்திருக்கு, எடுத்துக்குங்க" என்று குரல் கொடுக்கிறது. கல்லீரலிடம் "நீ உன் பங்குக்குச் சர்க்கரையை வெளியே விடாதே" என்கிறது. நாள் முழுக்கக் குரல் கேட்டுக் கேட்டுப் பழகிய வீட்டில் யாரும் எழுந்து வருவதில்லை. கணையம் இன்னும் உரக்கக் கூப்பிடுகிறது. அதனால் பல வருடங்கள் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், இன்சுலின் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் கணையத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், அப்போதுதான் நாம் 'சுகர் வந்துடுச்சு' என்கிறோம்.

இதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? எதிர்ப்பு என்றால் எதிரே நிற்க வேண்டும், திருப்பி அடிக்க வேண்டும். பாக்டீரியா பென்சிலினை எதிர்க்கிறது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். மருந்தையே உடைத்துப்போடும் நொதியை அது தயாரித்து வைத்திருக்கிறது. சித்தியின் தசைக்கு அப்படி ஒரு ரோஷமும் கிடையாது. அதற்குக் காது சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இலக்கணமும் இடிக்கிறது. 'இந்தி எதிர்ப்பு' என்றால் இந்தியை எதிர்ப்பது, தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கணக்கில் 'இன்சுலின் எதிர்ப்பு' என்றதும் ஊசி வேண்டாம் என்று கொடி பிடித்துக் கிளம்பிய கூட்டம்தான் கண்ணுக்குள் வருகிறது. இன்னொரு பக்கம் 'மக்கள் எதிர்ப்பு' என்றால் எதிர்ப்பவர்கள் மக்கள். அப்படியானால் இன்சுலின் எதையோ எதிர்க்கிறதா? எதிர்ப்பவர் யார், எதிர்க்கப்படுவது யார் என்றே தெரியாத ஒரு கலைச்சொல்! 'திறன்' என்ற வாலைச் சேர்த்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. கோளாறைத் திறமை ஆக்கிய பெருமை அவரையே சேரும்.

சரி, 'தடை'? இயற்பியலில் ரெசிஸ்டன்ஸுக்கு 'மின்தடை' என்று வைத்தார்கள். ஆனால் 'நாளை மின்தடை' என்று நாளிதழில் பார்த்தால் நாம் ஓம் விதியையா நினைக்கிறோம்? மெழுகுவத்தியை அல்லவா தேடுகிறோம். 'இன்சுலின் தடை' என்று எழுதினால், மருந்துக்கடையில் இன்சுலின் விற்கக்கூடாதென்று உத்தரவு வந்துவிட்டதோ என்று நினைப்பவர்கள் இருப்பார்கள்.

வழி 1936லேயே காட்டப்பட்டிருக்கிறது. லண்டனில் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர் நீரிழிவுக்காரர்களை இரண்டு வகையாகப் பிரித்தபோது, இன்சுலினை உணர்கிறவர்கள், உணராதவர்கள் என்றுதான் பிரித்தார். உணர்வதும் உணராததும்தான் அவர் கண்ணில் பட்டது. 'இன்சுலின் உணர்திறன்' என்ற தொடர் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. 'உணர்திறன் குறைவு' என்றால் பொருள் கச்சிதம்தான், ஆனால் அதைத் தன் தங்கையிடம் யார் சொல்லப்போகிறார்கள்?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'இன்சுலின் மரப்பு' என்றார். மரத்துப்போதல் நல்ல தமிழ், எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் நீரிழிவு முற்றியவர்களுக்கு நரம்பு கெட்டுப் பாதம் மரத்துப்போகும். அது வேறு சிக்கல். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால், கால் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு மரப்பு இல்லை என்று ஒருவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

நான் 'மந்தம்' என்கிறேன். காது மந்தம், வயிறு மந்தம் என்று உடம்பைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் தானாக வரும் சொல். கேட்கிறது, ஆனால் சரியாகக் கேட்கவில்லை என்ற அளவும் அதிலேயே இருக்கிறது. இன்சுலினுக்கு மந்தம், ஆகவே இன்சுலின் மந்தம், நான்காம் வேற்றுமைத் தொகை. வடசொல் என்பார்கள், தெரியும். சர்க்கரையும் வடசொல்தான், சரளைக்கல்லைக் குறித்த 'சர்க்கரா'விலிருந்து வந்தது. அதை வைத்துத்தானே சூரியனுக்குப் பொங்கல் படைக்கிறோம்? தூய்மை முக்கியம்தான். ஆனால் நோயாளிக்குப் புரியாத தூய்மையை வைத்து என்ன செய்வது?

சர்க்கரை என்றதும் நினைவு வருகிறது, மொழிபெயர்ப்பாளர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாவற்றையும் ஒன்றாகக் குறிக்கும் 'ஃப்ரீ சுகர்ஸ்' என்ற தொடரை ஒரு துண்டறிக்கை 'இலவச சர்க்கரைகள்' என்று எழுதியிருந்தது. இலவச சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் ரேஷன் கார்டு வைத்திருப்பவர் கோபப்படாமல் என்ன செய்வார்? உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது இதைத்தான்: நாளின் மொத்தக் கலோரியில் இவற்றின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், 5க்குக் கீழே போனால் இன்னும் நல்லது. அந்த 5 என்பது சுமார் 25 கிராம், ஏறக்குறைய 6 தேக்கரண்டி. சித்தியின் மூன்று வேளைக் காபியிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

'சர்க்கரையைக் குறைங்க' என்று மருத்துவர் சொல்வதிலும் ஒரு வில்லங்கம். திருநெல்வேலிப் பக்கமும் இலங்கையிலும் வெள்ளையாக இருப்பது சீனி. வேறு ஊர்களில் அதே வெள்ளைதான் சர்க்கரை. அந்த ஊர்க்காரர், குறைக்கச் சொன்னது அதை மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டு, அப்புறம் நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் மாறிவிடுகிறார். வெல்லமும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான்; நிறம் வேறு, கொஞ்சம் தாது உப்பு கூட. எந்தச் சர்க்கரை என்பதைப் பெயர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

சித்தியை உட்காரவைத்துக் கணக்கைக் காட்டினேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, இன்சுலின் 18. பெருக்கி 405ஆல் வகுத்தால் 4.6. இன்சுலின் மந்தம் எவ்வளவு என்று மதிப்பிடப் போடும் கணக்கு இது, தாளில் 'அதிகம்' என்று இருந்ததும் இதைத்தான். கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரித் தடித்துக் கருத்திருந்ததை இத்தனை நாளும் செயின் உரசி வந்தது என்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதுவும் இதன் அடையாளமாக இருக்கலாம் என்றேன். சாப்பிட்டபின் நடந்தால் தசை இன்சுலின் குரலுக்குக் காத்திராமல் தானே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ இது சக்தி இல்லை, மந்தம்."

"ஆமா சித்தி."

"மந்தம்னா தீபாவளி லேகியம் சாப்பிட்டாப் போயிடுமே. பாட்டில்ல இன்னும் இருக்கு."

அந்த லேகியத்தில் பாதி வெல்லம்.