முற்றுகையாளர் என்றால் யார்?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை முற்றுகையிட்ட ரஷ்ய நகரம் லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையைப் போன வாரம் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வரி: 'முற்றுகையாளர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான் கிடைத்தது.' யாருக்கு? ஊரைச் சூழ்ந்து நின்ற ஜெர்மன் படைக்கா? பட்டினி கிடந்தவர்களைப் பட்டினி போட்டவர்கள் ஆக்கிவிட்டது 'ஆளர்' என்ற ஒரு விகுதி. இதே சொல்லை இதே பொருளில் நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

மூலத்தில் இருப்பது 'பிளகாத்னிக்' என்ற ரஷ்யச் சொல். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள் நீடித்த அந்த முற்றுகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிளகாதா'. அதற்குள் அகப்பட்டு வாழ்ந்த ஊர்க்காரர் பிளகாத்னிக். நேவா ஆற்றின் பனிக்கட்டியில் துளை போட்டுத் தண்ணீர் மொண்டவர், அதைப் பிள்ளைகளின் சறுக்குவண்டியில் வைத்து வீட்டுக்கு இழுத்துப் போனவர், வீட்டில் ஒருவர் செத்தால் அதே வண்டியில் பிணத்தையும் இழுத்துப் போனவர். தச்சர் பசையைக் காய்ச்சிக் குடித்தவர். ரேடியோவில் நிகழ்ச்சி இல்லாத நேரமெல்லாம் மெட்ரோனோம் என்ற தாளக்கருவியின் டிக் டிக் சத்தம் ஓடும். மெதுவாக அடித்தால் பயமில்லை, வேகமாக அடித்தால் விமானம் வருகிறது என்று பொருள். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியவர். குறைந்தது நான்கு மாதம் அப்படி உள்ளே இருந்தவர்களுக்கு 1989இல் தனியாக ஒரு பதக்கமே வந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். முற்றுதல் என்றால் சூழ்தல். அதோடு, வருகை, செய்கை போல 'கை' சேர்ந்தால் முற்றுகை. தொல்காப்பியம், கோட்டைப் போரைச் சொல்லும் உழிஞைத் திணைக்கு 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்' என்று இலக்கணம் சொல்கிறது. ஆக, முற்றுவது வெளியே நிற்பவனின் வேலை. அந்த வேலையின் பெயரோடு 'ஆளர்' சேர்த்தால் அதைச் செய்கிறவர்தானே வருவார்?

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "நோயாளி நோயைச் செய்கிறவரா? கடனாளி கடன் கொடுத்தவரா?" என்று மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் நோயும் கடனும் ஒருவரிடம் இருக்கிற பொருள்கள். அவற்றை உடையவர் நோயாளி, கடனாளி. முற்றுகை ஒரு செயல். ஆக்கிரமிப்பாளர் என்றால் நிலத்தைப் பறிகொடுத்தவர் என்று யாராவது படிக்கிறோமா? படையெடுப்பாளர்? கலெக்டர் அலுவலகத்தை முற்றுகையிட்டவர்கள் என்று தினம் செய்தியில் வருகிறது. அங்கே முற்றுகையாளர் வாசலில் கோஷம் போடுகிறவர்தான், உள்ளே ஃபைல் பார்க்கிற கிளார்க் இல்லை. நண்பர் விடவில்லை, "அப்போ முற்றுகைவாசி?" என்றார். குடிசைவாசி, வனவாசி மாதிரி அங்கேயே குடியிருக்க விரும்பித் தங்கியவர் போல ஒரு தொனி. 'வாசி' வடசொல் என்பதும் எனக்கு உறுத்தும், ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் பொருளைத் தலைகீழாக்கும் தனித்தமிழைவிட அது மேல்.

தூய தமிழ் அன்பர்கள் 'அகத்தோர்' என்பார்கள். தொல்காப்பியத்தில் அகத்தோன், புறத்தோன் இரண்டும் உண்டுதான். ஆனால் அந்த அகத்தோன் கோட்டைக்குள் இருக்கும் அரசன். குடிமக்களுக்கு அங்கே இடமில்லை. தவிர, இன்று அகத்தோர் என்று எழுதினால் அகத்திணைக் காதலர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

குடிமக்களைப் பார்க்க வேண்டுமானால் புறநானூறு 44ஆம் பாட்டுக்குப் போகவேண்டும். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருக்கிறான்; இன்னொரு சோழன் நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். உள்ளே இருப்பவனிடம் புலவர் கோவூர்கிழார் சொல்கிறார்: 'பாலில் குழவி அலறவும்'. பால் இல்லாமல் குழந்தை கத்துகிறது, பெண்கள் பூ இல்லாத வெறுந்தலையை முடிகிறார்கள், தண்ணீர் இல்லாத வீடுகளிலிருந்து அழுகுரல் கேட்கிறது. அறம் என்றால் 'ஊர் உனதே' என்று முற்றியவனுக்குக் கதவைத் திற, மறம் என்றால் போரிடத் திற, இரண்டும் இல்லாமல் மதிலோரம் ஒடுங்கிக் கிடப்பது வெட்கம் என்று அரசன் முகத்துக்கு நேரே சொல்கிறார். கவனியுங்கள், கதவை அடைத்தவன் அரசன். அடைபட்டது ஊர்.

அதனால் என் பரிந்துரை 'அடைபட்டோர்'. சிறையில் அடைபட்டோர் என்று குழம்பாதா என்றால், முதலில் ஒரு தடவை 'முற்றுகையில் அடைபட்டோர்' என்று எழுதிவிட்டால் போதும், அப்புறம் தானாக ஓடும். உயிரோடு மீண்டவர்களைச் சொல்லும்போது 'முற்றுகையில் பிழைத்தோர்'. எதற்கெடுத்தாலும் ஆளர் ஒட்டுகிற பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் வைத்தே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

அந்தக் கட்டுரையின் வரி இப்படி இருந்திருக்கலாம்: 'முற்றுகையில் அடைபட்டோரில் தொழிலாளிக்கு 250 கிராம், மற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 125 கிராம், 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை அந்த ரொட்டியில்தான் நாளை ஓட்டினார்கள்.'