வாழையடிக்குப் போகும் நைத்திரேற்று

வீட்டில் தண்ணீர் வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் பூட்டியிருந்தால் அதன் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். குடிதண்ணீர்க் குழாயோடு, கழிவுத் தண்ணீருக்கென ஒரு மெல்லிய குழாயும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் அது அநேகமாக வாழையடிக்குப் போகும். தண்ணீரின் அருமை தெரிந்த ஊர், வேறென்ன செய்யும்? வாழை குடித்து மிஞ்சுவது செம்மண்ணுக்குள் இறங்கும். அதற்குக் கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணக்கல். அப்புறம், மெல்ல மெல்லக் கிணறுதான். இயந்திரம் பிடித்த நைத்திரேற்று சுற்றிவந்து மறுபடி வாளிக்குள் ஏறுகிறது.

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போட்ட உரம், மலசலகூடக் குழிகள் இரண்டிலிருந்தும் வருவது இந்த நைத்திரேற்று. நிறமும் மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது; தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவுவது குறைந்துபோகலாம்.

வடிக்கும்போதே நைத்திரேற்றை வேறொன்றாக மாற்றிவிட முடியுமா? நுண்துளைப் பல்பகுதிய மென்சவ்வுகள் இங்கேதான் வருகின்றன: பிளாஸ்டிக் போல நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த மெல்லிய படலங்கள்.

துளையைச் செய்யும் விதமே ஒரு வேடிக்கை. 20 நனோமீற்றர் அகலத் துளையை எந்த ஊசியாலும் குத்த முடியாது; ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். அதனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு பல்பகுதியச் சங்கிலிகளை நுனியோடு நுனி பிணைக்கிறார்கள். பங்குக் கிணறு உள்ள இரண்டு வீட்டுக்காரர் மாதிரி: முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், விட்டுப் போகவும் முடியாது. பிரிய வழியில்லாத சங்கிலிகள் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொள்கின்றன. ஒரு வகை சின்னச் சின்னத் தூண்களாகத் திரளும், மற்றது அவற்றைச் சுற்றி நிரம்பும். தூண்கள் பொலிலக்ரைட்டு என்ற பல்பகுதியமாக இருந்தால், ஐதான கோஸ்டிக் சோடாவில் அவை கரைந்துபோகும். தூண் நின்ற இடமெல்லாம் துளை, எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில்.

படலம் மெல்லியதாக இருப்பது ஏன் முக்கியம்? ஒரே அழுத்தத்தில், தடிப்பு பாதியானால் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக ஓடும். 100 நனோமீற்றர் படலங்கள் எழுநூறை அடுக்கினால்தான் ஒரு தலைமயிர் தடிப்பு வரும். இவ்வளவு மெல்லிய ஒன்று தனியே நிற்காது. பெரிய துளைகள் கொண்ட தடித்த தாங்கியொன்றின் மேல் படிய வைக்கிறார்கள்.

சரி, பற்றீரியா ஏறத்தாழ 1000 நனோமீற்றர். அது வெளியே நிற்கும். நைத்திரேற்று அயன் ஒரு நனோமீற்றர்கூட வராது, அதனால் தாராளமாக உள்ளே நுழையும். நுழையட்டும். துளையின் சுவரில் பல்லேடியம் என்ற உலோகமும் செம்பும் நுண்துணிக்கைகளாக ஒட்டியிருக்கின்றன. தாம் தீர்ந்துபோகாமல் மாற்றத்தை விரைவாக்கும் ஊக்கி இவை. தண்ணீரில் கரைத்துவிட்ட ஐதரசனின் துணையோடு, செம்பு இருக்கும் இடத்தில் நைத்திரேற்று முதலில் நைத்திரைற்றாகிறது. பிறகு பல்லேடியத்தின் மேல் அது நைதரசன் வாயுவாகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அந்த வாயுதான்.

இதே ஊக்கியைக் குறுணிகளாக ஒரு தொட்டியில் போட்டால் ஆகாதா? ஆகும், ஆனால் மெதுவாக. ஓர் அயன் ஒரு மில்லிமீற்றர் தூரத்தைப் பரவலால் மட்டும், அதாவது ஓட்டம் தள்ளாமல் தானாக அலைந்து, கடக்கச் சில நிமிடங்கள் வேண்டும். 20 நனோமீற்றர் துளைக்குள் எங்கே நின்றாலும் சுவர் 10 நனோமீற்றருக்குள். அங்கே போக ஒரு மைக்ரோ செக்கன்கூட எடுக்காது. ஒரு சதுர மீற்றரில் மணிக்கு 100 லீற்றர் ஓடினால், அயன் துளைக்குள் இருப்பதே ஒரு சில மில்லி செக்கன்கள். அதற்குள் சுவரை ஆயிரக்கணக்கான தடவை தொட்டுவிடலாம். தொட்ட உடனே மாறிவிடும் என்றில்லை. ஊக்கியின் வேகம்தான் இப்போது தடை. மெல்லிய படலத்தில் ஓட்டம் கூடும், தங்கும் நேரம் குறையும். ஆய்வுகூடங்களில் பாதி மல்லுக்கட்டு இதற்குள்தான்.

மீதிப் பாதியில் அமோனியா இருக்கிறது. மாற்றம் கொஞ்சம் எல்லை மீறினால் நைதரசனுக்குப் பதிலாக அதுதான் மிஞ்சும். பல்லேடியத்தின் விலையும் சும்மா இல்லை.

ஆனால் எங்கள் தண்ணீருக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நைத்திரேற்று மாறும்போது ஐதரொட்சைட்டு அயன் பிறக்கிறது, தண்ணீர் காரமாகிறது. சுண்ணக்கல் தண்ணீர் காரமானால் கல்சியம் காபனேற்று படியும். கேத்தல் அடியில் சுரண்டி எடுக்கிறோமே, அதே வெள்ளை. அது துளைக்குள்ளேயே படிந்தால் மென்சவ்வின் கதை முடிந்தது. காரத்தை அடக்க, தண்ணீருக்குள் காபனீரொட்சைட்டைக் குமிழியாக விடலாம். சோடாப் போத்தலில் இருக்கும் அதே வாயுதான்.